பன்னிரண்டு எட்டாகும்

நவம்பரில் மூன்றாம் டிஸ்க் செத்தது.
சத்தமில்லை.
துணி அலமாரிக்குள் ஒரு பச்சை விளக்கு
செம்மஞ்சளானது, அவ்வளவுதான்.
இல்மார்ஸ் காலுறையோடு வந்து குந்தினான்.
"மிச்சம் மூன்றும் கூடிப் பேசி
அதில் என்ன இருந்ததென்று சொல்லிவிடும்" என்றான்.
உறவினர்களை அவ்வளவு நம்புகிறவனை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புது டிஸ்க் செருகி முப்பத்தொரு மணிநேரம்.
கெட்டிலும் அடுப்பும் சேர்ந்தால்
எங்கள் வீட்டில் ஃபியூஸ் போய்விடும்.
ஆகவே அடுப்பில்லை. கறுப்பு ரொட்டி,
டப்பா மீன், ஆறிய பீட்ரூட்.
அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
சதவீதத்தைப் பார்த்திருந்தான்.
எண்பத்தெட்டில், முதலாம் டிஸ்க்
தன் பங்குக்கு இரண்டு பிழை சொன்னது.
பிழை சொல்லியும் பிழைத்தது.

அப்படி என்ன பொக்கிஷம் என்பீர்கள்.
ஊரார் கல்யாணங்கள்.
ரிகாவில் டேப் காலத்துக் கல்யாணங்களை
கணினிக்கு மாற்றித் தருவது அவன் வேலை.
காசு கொடுத்து வாங்கிப் போனவர்கள்
திரும்பி வந்து கேட்பதில்லை.
இருந்தும் ஒரு பிரதி வைத்துக்கொள்வான்.
ஆயிரத்து நானூறு மணப்பெண்கள்
என் குளிர்கால மேலங்கிக்குக் கீழே
இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கிறார்கள்.

"இனி இந்த ஐந்து வேண்டாம்" என்று
ஒற்றைக் காலில் நின்றான்.
"இரண்டிரண்டாக, கண்ணாடி மாதிரி.
ஒன்று போனால் இன்னொன்று அப்படியே இருக்கும்,
யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம்."
இடம்?
"பன்னிரண்டு டெரா எட்டாகும்."
இருக்கிற சரக்கு?
"பத்து."

நான் டிராம் ஓட்டுகிறவள்.
எட்டு இடத்துக்குப் பத்துப் பேர் என்பது
எனக்கு தினசரிக் காலை.
ஆனால் நான் கதவை மூடிவிடுவேன், முகம் பார்க்க மாட்டேன்.

டிப்போவில் சிக்னல் பார்க்கும் ஓயார்ஸிடம்
பெரிய டிஸ்க் ஒன்று இரவல் வாங்கி வந்தேன்.
பத்தும் அதற்குள் இறங்கின.
பிறகு நாலையும் கலைத்தான்.
ஒரே ஒரு கட்டளை. உறுதிதானா என்று அது கேட்டது.
என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அன்றிரவும் மறுநாளிரவும்
எல்லாமே இரவல் டிஸ்கில், மேசை நடுவில்,
ஒற்றைப் பிரதியாய்.
பூனையை அறைக்குள் விடவில்லை.
தும்மும்போதும் திரும்பிக்கொண்டு தும்மினோம்.

திரும்ப ஏற்ற வேண்டியது எட்டுதான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டுமே;
வெளியே தௌகவா பாதி உறைந்து கிடக்க
உள்ளே அளக்க உட்கார்ந்தோம்.
இரட்டிப்பாய் இருந்தவை வேண்டாம்.
கேமராக்காரன் அணைக்க மறந்துபோன
நாற்பது நிமிட மேசைக்கால்கள் வேண்டாம்.
விவாகரத்து ஆனவை, என்றேன்.
"அது நமக்கெப்படித் தெரியும்?"
ஏழெட்டுப் பேருடையது எனக்குத் தெரியும்;
என் டிராமில் வருகிறார்கள், வேறு ஆளோடு.

அப்போது பார்த்து ஸ்கைத்ரீட்டே என்றொரு அம்மாள் போன் செய்தாள்.
தொண்ணூற்றாறாம் வருடத்துக் கல்யாணம்.
கல்யாணம் வேண்டாமாம்.
மோதிரம் மாற்றும்போது பின்வரிசையில் அப்பா தும்முவார்,
அந்தப் பதினோரு விநாடி இருக்குமா என்றாள்.
இருந்தது. 'வேண்டாம்' பட்டியலில்,
நான் சொல்லிச் சேர்த்த வரிசையில்.
பெரிய தும்மல். பாதிரியார் நிறுத்திவிட்டார்.

அதன்பின் அளவுகோல் எங்களிடம் இல்லை.
அவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான் என்றுதான் நினைக்கிறேன்.
எங்களுடையது ஏறியதா? கேட்கவில்லை.

எட்டு நிறைந்தது. நாலும் பச்சை.
"அழித்துக் கொடுத்துவிடு" என்று
இரவல் டிஸ்கை என் பையில் வைத்தான்.

டிப்போவில், என் லாக்கரில்,
கம்பளித் தொப்பிக்குள் அது இருக்கிறது,
ஏற இடமில்லாமல் நின்றவர்களோடு.
இல்மார்ஸுக்குத் தெரியாது.
வெள்ளிதோறும் ஓயார்ஸ் கேட்கிறார்.
தண்டவாளம் வழுக்குகிறது,
பெட்டியில் மணல் தீர்ந்துவிட்டது,
நாளை பார்ப்போம் என்று
வண்டியை எடுத்துவிடுகிறேன்.